காதுக்குப் பின்னால் சிவப்பு

அந்தத் திங்கட்கிழமைப் பேச்சை ஓர்ஃபா டின்டல் தன் வாழ்நாளில் ஒருத்தியிடம் மட்டுமே சொன்னாள். அவளிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசைதான். ஒரு வார்த்தை முன்னே பின்னே ஆகிவிட்டால் நிறுத்திவிட்டு, திரும்பவும் சாக்கு மூட்டையிலிருந்து ஆரம்பிப்பாள்.

கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் லைமன் ஒரு மாவுச் சாக்கைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டான். உள்ளே ஆறு சட்டைகள்.

“யாரோடது இதெல்லாம்?”

“பட்டறை ஆளுங்களோடது. சனிக்கிழமை வேட்டைக்குப் போனோம்ல, அழுக்காயிடுச்சு. என்னோடதும் இருக்கு.”

“இது ரத்தம்.”

“மான் ரத்தம்.”

“ஆறு பேரும் ஒரே மானையா கட்டிப் பிடிச்சீங்க?”

“பேச்சை வளக்காதே ஓர்ஃபா. துவைன்னா துவை.”

“ரத்தம் போயிடும். பச்சைத் தண்ணியில ஊறவெச்சா தானா விட்டுடும். கழுத்துப் பட்டையில சிவப்பா இருக்கே, இது என்ன?”

“எங்க?”

“இதுல. இதுல. இந்தா, இதுலயும். ஆறுலயும் இருக்கு.”

“சக்கரச் சாயம். வண்டிப் பட்டறையில வேலை பாக்கறவன் சட்டையில சாயம் இல்லாம வெண்ணெயா இருக்கும்?”

“வேலை பாக்கறவனுக்குக் கையில இருக்கும். வயித்துல இருக்கும். பதினோரு வருஷமா உன் சட்டையைத் துவைக்கிறவ நான். கழுத்துல எப்படி வந்துச்சு?”

“வேர்வையைத் துடைச்சிருப்பேன்.”

“நீ துடைச்சிருப்ப. முதலாளி க்ரல் கேப்டன் எந்தக் காலத்துல சாயத் தூரிகையைத் தொட்டாரு? இது அவரு சட்டை. இந்தப் பொத்தானை நான்தான் தெச்சேன்.”

லைமன் குனிந்து ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான். பதினோரு வருஷத்தில் அவன் அவளுடைய அடுப்பில் விறகு தள்ளியது அதுதான் முதல் தடவை.

“திரும்பு,” என்றாள்.

“எதுக்கு?”

“திரும்புன்னு சொல்றேன்ல.”

அவன் திரும்பினான். இரண்டு காதுக்கும் பின்னால், மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு ஒட்டியிருந்தது. எண்ணெய்ச் சாயத்துக்கே உரிய மினுமினுப்போடு இருந்தது.

“மூஞ்சியிலயா பூசிக்கிட்டீங்க?”

“சும்மா ஒரு விளையாட்டுக்கு,” என்றான் லைமன்.

பேச்சு அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஹாக்கெட் துறை என்பது அமெரிக்காவில் ஸ்னேக் ஆற்றில் ஓடம் போகும் இடம். ஒரு பண்டகசாலை, ஒரு வண்டிப் பட்டறை, பன்னிரண்டு வீடுகள். மேற்கே போகும் கூண்டு வண்டிகள் அங்கேதான் ஆற்றைக் கடந்தாக வேண்டும். மூன்று மாதம் புழுதியைத் தின்றுகொண்டு வந்த சனங்கள் அங்கே இரண்டு நாள் நின்று மாட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள்; உடைந்த அச்சைப் பட்டறையில் கொடுத்து மாற்றுவார்கள்; துணியை ஓர்ஃபாவிடம் போடுவார்கள். ஓஹையோவிலிருந்து இருபத்தாறு வயதில் லைமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். அகன்ற தோள், வெந்து வெளுத்த கைகள். ஊரில் யார் என்ன செய்தார்கள் என்பது அவளுக்கு மறுநாளே தெரியும், துணி சொல்லிவிடும். ஆனால் யாரிடமும் எதையும் சொல்லமாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் ஊர் அவளிடம் துணி போட்டது.

பல வண்டிக் கூட்டங்களின் துணி ஒரே அண்டாவில் விழும்போது கலந்துபோகாமல் இருக்க அவள் ஒரு குறி வைத்திருந்தாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிற நூல். துணியின் ஓரத்தில், உள்பக்கமாக, அரிசி அளவுக்கு ஒரு முடிச்சு. திருப்பிக் கொடுக்கும்போது எல்லா முடிச்சுகளையும் வெட்டிவிடுவாள்.

1861 ஆகஸ்டில் மிசூரியிலிருந்து வந்த ஆறு வண்டிகளுக்கு அவள் வைத்தது நீல நூல். யோக்கம் என்ற குடும்பமும் அவர்கள் சொந்தக்காரர்களும். பத்தொன்பது பேர். வீட்டுக்காரி மெலிசா யோக்கம் ஓயாமல் பேசுகிறவள். அவளுடைய நான்கு வயதுப் பெண் ஒரு மஞ்சள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஓர்ஃபாவின் துவைக்கும் பலகையை விரலால் கரகரவென்று தேய்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவர்களிடம் நாற்பது மாடுகள் இருந்தன. ஆயிரத்து இருநூறு மைல் நடந்து வந்தும் விலா எலும்பு தெரியாத செவலை மாடுகள். பட்டறைக்காரர் அமசா க்ரல்தான் ஊர்த் தொண்டர் படைக்கும் கேப்டன். அவர் அந்த மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“மாடு இல்ல யோக்கம் இது. தங்கம்.”

“விக்கறதுக்கு இல்லீங்க கேப்டன்.”

“நான் விலை கேக்கலியே,” என்று க்ரல் சிரித்தார்.

மீன்கார ஜோ அங்கேதான் இருந்தான். ஷோஷோனி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஆள். ஆற்றில் சால்மன் பிடித்து வண்டிக்காரர்களுக்கு விற்பான். அவனுக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். துறையில் யாரும் கேட்டதில்லை. யோக்கம் அவனிடம் மூன்று மீன் வாங்கிக்கொண்டு தன் பழைய கையில்லாக் கோட்டைக் கொடுத்தார். சாம்பல் நிறம், எலும்புப் பொத்தான். ஜோ அதை வெற்று மார்பின் மேல் மாட்டிக்கொண்டு, இரண்டு கட்டை விரலையும் பைகளில் நுழைத்து, பண்டகசாலைக்கார விட்லோ நடப்பதுபோலத் தொந்தியைத் தள்ளி நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். விட்லோவும் கொஞ்சம் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். ஓர்ஃபா கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா. முடிச்சை வெட்டிடறேன்.”

“இருக்கட்டும் மிஸஸ் டின்டல். கலிஃபோர்னியா போனதும் நானே உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டிக்கிறேன். உங்களைத் திட்டிக்கிட்டே வெட்டறேன், போதுமா?” என்றாள் மெலிசா.

மறுநாள் சனிக்கிழமை. பட்டறை ஆட்கள் ஆறு பேர் விடியும்போதே குதிரையில் வேட்டைக்குப் போனார்கள். நடுப்பகலிலிருந்து பொழுது சாயும்வரை ஜோ ஓர்ஃபாவின் அலசும் கல்லுக்கு ஆற்றின் மேல்பக்கம் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். செதில் மிதந்து வந்து அவளுடைய வெள்ளைப் போர்வைகளில் ஒட்டியது.

“ஏய், கீழ போய் பண்ணு! என் போர்வையெல்லாம் மீனாயிடுச்சு.”

“கீழ தண்ணி அழுக்கு, சலவைக்காரம்மா. உன் சோப்பு.”

“என் சோப்பு உனக்கு அழுக்கா?”

“மீனுக்குப் புடிக்கல. நான் என்ன பண்ண?”

அவள் ஈரத்துணியை அவன்மேல் வீசினாள். அவன் அதைப் பிழிந்து மடித்துத் திருப்பிக் கொடுத்தான். தன் மீனைக் கயிற்றில் கோத்து வில்லோ மரத்தடியில் குளிர்ந்த தண்ணீரில் கட்டிவைத்துவிட்டுப் போனான். அது அவன் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு முகமும் தோல் உரித்த முயல்போல இருந்தன. சாயம் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம் பின்வரிசைவரை வந்தது. வேட்டையில் வெயில் என்றார்கள். பிரசங்கியார், உழைப்பாளிகளின் முகத்தை ஆண்டவர் நேசிக்கிறார் என்றார். ஓர்ஃபா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பேச்சு. ஐந்து சட்டைகளைத் துவைத்தாள். ரத்தம் போயிற்று, சிவப்பு போகவில்லை. சாம்பல் காரத்தில் வேகவைத்தும் போகவில்லை. ஜோவின் ஆற்றங்கரைச் சனங்கள் முகத்தில் பூசிக்கொள்வது காவிமண். அது ஒரு சோப்பில் ஓடிவிடும். அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இது ஈயச் செந்தூரம், ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. மழைக்கும் சேற்றுக்கும் தாங்க வேண்டும் என்று சக்கரத்துக்குப் பூசுவது. பதினோரு வருஷம் சக்கரம் பூசியவனுக்கு வேறு விதமாகக் குழைக்கத் தெரியவில்லை. முகத்துக்கும் இரண்டு பூச்சு கொடுத்திருந்தான். ஆறாவது சட்டை லைமனுடையது. அதை அவள் ஏனோ அண்டாவில் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கோவேறு கழுதைக்காரன் ஓடிவந்தான். பத்து மைல் தள்ளி, கல் ஊற்றுப் பள்ளத்தில், ஆறு வண்டிகள் நிற்கின்றன, மூச்சுள்ள ஆள் ஒருவரும் இல்லை என்றான். கேப்டன் க்ரல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தார். “காட்டுமிராண்டிங்க,” என்றார். அவரே தலைமை தாங்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். மாடுகளை “மீட்டு” வந்தார். பெட்டி படுக்கைகளையும் கொண்டுவந்தார். அங்கேயே கிடந்தால் அவன்கள் எடுத்துக்கொள்வான்களாம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். தேவை உள்ளவர்களுக்கு முதலில் என்று பிரசங்கியார் சொன்னார். எல்லோருக்கும் தேவை இருந்தது.

லைமன் அவளுக்கு ஒரு வாசனை சோப்பு கொண்டுவந்தான். காகிதம் சுற்றிய கடைச் சோப்பு, லாவெண்டர் மணம். சாம்பலையும் பன்றிக்கொழுப்பையும் காய்ச்சி சோப்பு செய்தே கை வெந்துபோனவள் அவள். எங்கிருந்து என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் முகம் கழுவினாள், கழுத்துக் கழுவினாள், கையை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஊர்க் கூடைகள் வந்தன. விட்லோவின் மனைவி சப்ராதான் முதலில் வந்தாள்.

“ஓர்ஃபா, இந்தப் பாவாடையில ஒரு கறை. போகுமா?”

“என்ன கறை?”

“என்னமோ. போகலேன்னா சொல்லு, மடிச்சு உள்ள தெச்சுக்கறேன். துணி நல்ல துணி, விட மனசில்ல.”

ஓர்ஃபா ஓரத்தைத் திருப்பினாள். நீல முடிச்சு. அடுத்ததைத் திருப்பினாள். நீல முடிச்சு. மூன்றாவது கூடையில், பிரசங்கியார் வீட்டுத் துணியில், ஒரு ஆண் சட்டை, நீல முடிச்சு. சப்ராவின் கூடையில் அடியில் மஞ்சள் ஏப்ரன் இருந்தது.

“இது?”

“எங்க குட்டிக்குச் சரியா இருக்கு. தெச்ச மாதிரி இருக்கு, பாரேன்.”

“சப்ரா, இது அந்தப் புள்ளையோடது.”

“தெரியும்டி. செத்தவங்களுக்கு எதுக்கு ஏப்ரன்? நல்லா நீலம் போட்டு எடு. மஞ்சளுக்கு நீலம் போடலாமா, பச்சையாயிடுமா?”

ஓர்ஃபா தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். காலையில் குடித்த காப்பி வந்தது, முந்தின நாள் தின்ற சோளரொட்டி வந்தது, ஒன்றும் இல்லாமலும் வந்தது. வாயைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனால் கையில் லாவெண்டர். திரும்பவும் குமட்டியது.

“மாசமா இருக்கியா?” என்று சப்ரா ஆசையாகக் கேட்டாள்.

சோப்பை ஆற்றில் எறிந்தாள். முகத்தைச் சாம்பலால் தேய்த்தாள். பிறகு, இதைச் சொல்லும்போது அவள் குரல் இன்னும் தாழும், கூடைகளை எடுத்துத் துவைத்தாள். எல்லாவற்றையும். மஞ்சள் ஏப்ரனையும். நீலம் போடாமல்.

புதன்கிழமை ஜோ வழக்கம்போல மீன் விற்க வந்தான், கையில்லாக் கோட்டைப் போட்டுக்கொண்டு. குற்றம் செய்தவன் ஒளிவானா, மீன் விற்க வருவானா என்று யாரும் கேட்கவில்லை. பிடித்துப் பட்டறைத் தூணில் கட்டினார்கள். விட்லோதான் ஊர் நீதிபதி. ஆணிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து விசாரித்தார். செத்தவனின் கோட்டு இவன் உடம்பில் எப்படி வந்தது என்பது கேள்வி. ஊரே கூடியிருந்தது. பெண்கள் பாதிப் பேர் செத்தவர்களின் துணியில் வந்திருந்தார்கள். சப்ரா தோளில் மெலிசாவின் சால்வை.

ஓர்ஃபா போனாள். ஏப்ரனுக்குள், வயிற்றோடு அணைத்து, லைமனின் சட்டையை வைத்திருந்தாள்.

“நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா,” என்றார் விட்லோ.

“அந்தக் கோட்டு மூணு மீனுக்கு மாத்தினது. என் முன்னாடிதான் குடுத்தாங்க. நீங்களும் இருந்தீங்க. உங்களை மாதிரி நடந்து காட்டினான், நீங்க சிரிச்சீங்க.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்றான். விட்லோவின் முகம் இறுகியது.

“எனக்கு ஞாபகம் இல்ல.”

“சனிக்கிழமை மத்தியானத்துலேருந்து பொழுது சாயற வரைக்கும் இவன் என் அலசற கல்லுகிட்ட இருந்தான். நான் சண்டை போட்டேன். பத்து மைல் போயிட்டு வந்தவன் இல்ல.”

“எந்தச் சனிக்கிழமை?”

“அந்தச் சனிக்கிழமை.”

க்ரல் தொண்டையைச் செருமினார். குரலில் தேன். “மிஸஸ் டின்டல் நல்லவங்க. ஆனா நாள் பூரா ஆவியில நிக்கறவங்க. வாந்தி எடுத்தாங்கன்னு சப்ராகூட சொன்னா. லைமன், வீட்டுல எப்படி இருக்கா?”

“உடம்பு சரியில்லீங்க கேப்டன். என்னென்னமோ பேசறா,” என்றான் லைமன். அவளைப் பார்க்காமல் சொன்னான். காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.

“அண்டாகூட சாட்சி சொல்ல வந்திருக்குடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு கூரையில் முட்டியது.

ஜோ சிரிக்கவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை நம்பிப் பார்த்தான்.

“வேற ஏதாவது இருக்கா, மிஸஸ் டின்டல்?”

சட்டை அவள் வயிற்றில் சூடாக இருந்தது. எடுத்து விரித்துக் காட்டினால் போதும். கழுத்தைப் பாருங்கள், இந்த ஆறு பேரின் காதைத் திருப்பிப் பாருங்கள் என்றால் போதும். பார்த்துவிட்டு என்ன செய்வார்கள்? லைமனைக் கட்டுவார்களா, அவளைக் கட்டுவார்களா? இனிமேல் எந்த வீட்டில் படுப்பது, யார் துணி போடுவார்கள் என்றெல்லாம் அவள் அந்த நேரத்தில் யோசித்தாள். அதைத்தான் யோசித்தாள்.

“இல்ல,” என்றாள்.

பட்டறை வாசலில் இரண்டு வண்டிகளின் ஏர்க்கால்களை மேலே தூக்கி, நுனியோடு நுனி சேர்த்துக் கட்டினார்கள். உயரமான மரம் இல்லாத ஊரில் தூக்குமரம் அப்படித்தான். இரண்டுக்கும் புதுச் சக்கரங்கள், லைமன் பூசிய சிவப்பு. சப்ரா பிள்ளைகளுக்கு இனிப்பு பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். ஜோ கடைசியில் ஓர்ஃபாவைப் பார்த்துச் சொன்னான்:

“சலவைக்காரம்மா. மீன் தண்ணியில இருக்கு. என் அக்காகிட்ட குடு.”

ஏதோ சாயங்காலம் வந்துவிடப் போகிறவன்போல.

அவள் வில்லோ மரத்தடிக்குப் போனாள். ஐந்து மீன். தண்ணீர் குளிர்ச்சியில் மீன் புதிதாகவே இருந்தது. ஜோவின் அக்கா, ஓடக்கார லகாஸ் என்ற கனடாக்காரனின் மனைவி. கதவைத் திறந்தாள். மீனைப் பார்த்தாள். ஓர்ஃபாவின் கைகளைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பாவாடைக்குப் பின்னாலிருந்து ஐந்து வயதுப் பெண் ஒன்று எட்டிப் பார்த்தது. ஓர்ஃபா மீனை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவன் பெயரைச் சொல்லவில்லை. அது அவர்கள் வழக்கம். செத்தவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஊரிலும் சொல்லவில்லை. அது வேறு காரணத்துக்காக.

லைமன் ஆறு வருஷம் கழித்துச் செத்தான். சாயத்தில் உள்ள ஈயம் சாயக்காரர்களுக்குச் செய்வதை அவனுக்கும் செய்தது. வயிறு முறுக்கியது. ஈறு கறுத்தது. மணிக்கட்டு இரண்டும் செத்த கோழியின் கழுத்துப்போலத் தொங்கின. அவள்தான் ஊட்டினாள். ஒருநாளாவது அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் பால் சூடாக இல்லை என்று சொன்னான். தலையணை உயரம் போதாது என்று சொன்னான். அவன் போனதும் அவள் படுக்கையை வெளியே இழுத்துக் கொளுத்தினாள். அழுகை வரவில்லை. ஊர் அவளை நெஞ்சழுத்தக்காரி என்றது.

துணி மட்டும் தொடர்ந்து துவைத்தாள். நீல முடிச்சு உள்ள துணிகள் வருஷக்கணக்காக வந்தன. நைந்து, ஒட்டுப்போட்டு, கடைசியில் தரை துடைக்கும் கந்தலாகி வந்தன. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. நல்ல நூல்.

1874 ஜூலை நான்காம் தேதி, சுதந்திர நாள் விழாவில், ஊர் ஒரு கூத்து நடத்தியது. கல் ஊற்றுத் தாக்குதல். பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர் வண்டிக்காரர்கள், பாதிப் பேர் “காட்டுமிராண்டிகள்.” அதே பட்டறை வாசலில், அதே பட்டறையின் சாய டப்பாக்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் க்ரல் இப்போது கிழவர். நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பன்றித் தொடையைக் கடித்துக்கொண்டே சத்தம் போட்டார்:

“டேய், டேய்! எண்ணெய் கலக்காதீங்கடா பசங்களா. தண்ணி விட்டுக் குழைங்க. எண்ணெய்ல குழைச்சா ஒரு வாரத்துக்குப் போகாது. காதுக்குப் பின்னால பிடிச்சுக்கும், டர்பன்டைன் போட்டாக்கூட…”

அங்கே நிறுத்தினார். பக்கத்தில் இருந்த மூன்று கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். கொழுப்பு அவர் மோவாயில் வடிந்துகொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி ஒடீல் லகாஸ் நின்றுகொண்டிருந்தாள். பாவாடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அதே பெண். கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அவள் க்ரலைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் தன்னைப் போலவே சிரிக்காமல் க்ரலைப் பார்த்து நின்ற ஓர்ஃபாவைப் பார்த்தாள்.

மத்தியானம் சலவை முற்றத்துக்கு வந்தாள்.

“கேப்டனுக்கு எப்படித் தெரியும், மிஸஸ் டின்டல்?”

ஓர்ஃபா கையைத் துடைத்துக்கொண்டு, சாக்கு மூட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்தக் கோடை முழுக்க ஒடீல் வந்தாள். இரண்டு நோட்டுகளில் எழுதினாள். முதலில் ஒன்றில் பிரெஞ்சில், பிறகு இன்னொன்றில் ஆங்கிலத்தில்.

“ஒண்ணுல எழுதினா போதாதா?”

“ஒரு பிரதியை யாராவது தொலைச்சிடுவாங்க,” என்றாள் ஒடீல்.

விசாரணையைச் சொன்ன அன்று அவள் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அப்போ சட்டை எங்க இருந்துச்சு?”

“ஏப்ரனுக்குள்ள.”

“உங்க கைக்குப் பக்கத்துல.”

“கைதான் அதைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு.”

ஒடீல் எழுந்தாள். தான் காப்பி குடித்த கோப்பையை ஆற்றில் கழுவினாள். இன்னொரு முறை கழுவினாள். கல்லின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனாள். இரண்டு வாரம் வரவில்லை. ஓர்ஃபா அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. அவளுக்கே தன் கையால் தின்ன எத்தனையோ நாள் முடிந்ததில்லை.

செப்டம்பரில் வந்தாள். உட்காரவில்லை. ராணுவக் கோட்டைக்கு ஒரு புது அதிகாரி வந்திருப்பதாகவும், எழுதியதைக் கேட்பாரா தெரியாது, கொண்டுபோகப் போவதாகவும் சொன்னாள். க்ரலும் இன்னும் மூன்று பேரும் உயிரோடிருக்கிறார்கள். அவர்கள் செத்தபிறகு கேட்டுப் பயனில்லை.

ஓர்ஃபா உள்ளே போய் மாவுச் சாக்கை எடுத்துவந்தாள். சட்டையை எடுத்து விரித்தாள். ரத்தம் கறுத்து மண் நிறமாகியிருந்தது. கழுத்துப் பட்டையில் சிவப்பு நேற்றுப் பூசியதுபோல இருந்தது. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த பழைய வீச்சம் எழுந்தது. ஒடீல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கையை நீட்டினாள்.

இருபத்து நாலு வருஷமாக அழுக்கைப் போக்கியே வயிறு வளர்த்தவள் சட்டையைக் கொடுத்தாள்; கொடுத்தும் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“நாத்தம் தாங்காது. உன் பெட்டியில மத்த துணியெல்லாம் நாறும். அந்த அதிகாரி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, அசிங்கம், அலசிட்டுக் கொண்டான்னு சொல்லுவாரு. உங்கம்மாவும் சொல்லலாம். யார் சொன்னாலும் சரி. ஒடீல், இதை மட்டும் துவைச்சிடாதே.”